படகுக்கு பஃபிங்: மெஷினில் மிச்சம் பிடித்து பேடில் செலவழிக்கலாம்

பாரிமுனைப் பக்கம் எந்தக் கருவிக் கடையில் பஃபிங் மெஷின் கேட்டாலும், கடைக்காரர் முதலில் சொல்வது வாட் கணக்கு. "இது ஆயிரத்து நானூறு வாட் சார், அது ஆயிரத்து இருநூறு." அடுத்து விலை. மிகக் குறைந்த வேகத்தில் எத்தனை சுற்று சுற்றும், அழுத்தினால் அந்த வேகம் நிற்குமா, தலையில் இருப்பது என்ன மரை என்று கேட்டால் பெட்டியைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஃபைபர் படகின் ஜெல் கோட்டுக்கு மெஷின் வாங்குகிறவர் கேட்க வேண்டியது இந்த மூன்றும்தான். வாட்டை நான்காவதாகக் கேட்டால் போதும்.

சோதனைக்குக் கிடைத்தது நண்பர் ஒருவரின் இருபத்து நாலு அடிப் பாய்மரப் படகு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு ஷெட்டில், டிரெய்லர் மேல் நிற்கிறது. பல கோடைகளைக் கூரையில்லாமல் கழித்த படகு. டெக் வெள்ளை, பக்கங்கள் கருநீலம். வெள்ளையில் வெயில் செய்த வேலை சட்டென்று தெரியாது. கருநீலம் அப்படியில்லை, சாம்பல் பூத்து நிற்கிறது. தடவினால் விரலில் மாவு ஒட்டுகிறது. மெஷின் விட்டுப்போகும் ஒவ்வொரு வட்டக் கோட்டையும் கருநீலம் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், சோதிக்க இதைவிட நல்ல பரப்பு கிடையாது. கையில் எடுத்தவை மூன்று மெஷின்கள்: மகிட்டா 9237சிபி, போஷ் ஜிபிஓ 14 சிஇ, அவற்றின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும், பெட்டியில் ஒரு பெயரும் டப்பாவுக்குள் வேறு பெயருமாக வரும் ரகத்தில் ஒன்று.

ஜெல் கோட்டைப் பெயின்ட் என்று நினைத்துக்கொண்டு இறங்கினால் எல்லாமே தப்பாகப் போகும். படகை அச்சில் வார்க்கும்போது முதலில் அச்சின் மேல் அடிப்பது இதைத்தான்: நிறமி கலந்த பாலியெஸ்டர் ரெசின். அது இறுகத் தொடங்கியதும் அதன் முதுகில் கண்ணாடி இழை மேட்டும் ரெசினும் ஏறும். அச்சிலிருந்து கழற்றும்போது, முதலில் அடித்தது வெளித்தோலாக வந்து நிற்கும். அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். காரின் மேல் இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். அதாவது பத்தில் ஒரு பங்கு. கார் டீடெய்லிங் செய்கிறவர்கள், ஆட்டமில்லாமல் சுற்ற மட்டும் செய்யும் ரோட்டரி மெஷினைக் கண்டு பயப்படுவதில் நியாயம் உண்டு. படகுக்காரர் அந்தப் பயத்தில் பாதியை விட்டுவிடலாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. காரில் நிறம் கிளியர் கோட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது; பேடில் கார் நிறம் ஒட்டினால் அது அபாய மணி. ஜெல் கோட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். கருநீலப் படகைத் தேய்த்தால் பேட் நீலமாகத்தான் வரும், வரவும் வேண்டும். பயப்பட வேண்டியது, நிறம் மெலிந்து அடியில் இருக்கும் இழையின் சாயல் எட்டிப் பார்க்கும்போது. அது பெரும்பாலும் விளிம்புகளிலும், டெக் வளைந்து இறங்கும் மூலைகளிலும்தான் நடக்கும், ஏனென்றால் அங்கேதான் தோல் மெல்லிசு, பேடின் அழுத்தம் அதிகம்.

வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பு ரெசினைச் சிதைக்கிறது. ரெசின் போனதும் நிறமி பிடிப்பில்லாமல் மாவாக நிற்கிறது. அந்த மாவின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், பழைய நிறம் பளிச்சென்று திரும்பும், காய்ந்ததும் மறைந்துவிடும். மெழுகை மட்டும் தடவிவிட்டுப் "பாலீஷ் போட்டாச்சு" என்பவர்கள் விற்பது ஏறக்குறைய இந்தத் தண்ணீரைத்தான். காய்வதற்குக் கொஞ்சம் அதிக நாள் எடுக்கும், அவ்வளவே. செத்த தோலை அறுத்து எடுத்து, அடியில் இருக்கும் நல்ல தோல்வரை போக வேண்டும். பஃபிங் என்ற பெயரில் நடப்பது முக்கால்வாசி இந்த அறுப்பு வேலைதான்.

அதனால்தான் ரோட்டரி. வட்டத்தோடு சேர்ந்து ஆடவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது பாதுகாப்பானது, வட்டக் கோடு விடாது, புதுக் கைக்கும் அடங்கும். ஆனால் ஜெல் கோட்டில் மாவு பூத்த நிலைக்கு அதை வைத்தால் முன்னேற்றம் ஆமை வேகம். அழுத்தினால் சுழற்சி நின்று ஆட்டம் மட்டும் மிஞ்சும். ரோட்டரியில் எவ்வளவு அழுத்தினாலும் பேட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அறுப்பும் சூடும் சேர்ந்து வரும். டூயல் ஆக்‌ஷனுக்கு இடம் இருக்கிறது, கடைசிச் சுற்றில். கருநீலத்தில் ரோட்டரி விட்ட மங்கல் சுழிகளை எடுக்க அதைவிட நல்லது எதுவும் இல்லை. வெள்ளைப் படகு மட்டும் வைத்திருப்பவர் அதை வாங்காமலே காலத்தை ஓட்டலாம்.

இனி மெஷின்கள். போஷ் 1400 வாட், சுமார் இரண்டரைக் கிலோ, நிமிடத்துக்கு 750 முதல் 3000 சுற்று. மகிட்டா 1200 வாட், மூன்று கிலோ வாக்கில், 600-இல் தொடங்கி மூவாயிரம் வாக்கில் முடிகிறது. இரண்டிலும் மெதுவாகக் கிளம்பும் வசதியும், பாரம் ஏறினாலும் வேகத்தை விடாத மின்னணுக் கட்டுப்பாடும் உண்டு. காகிதத்தில் போஷ் முன்னே நிற்கிறது: வாட் அதிகம், எடை குறைவு. படகின் பக்கவாட்டில், தோள் உயரத்தில் மெஷினை ஏந்திப் பிடிக்கும்போது அந்த அரைக் கிலோ வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. முழுப் பக்கத்தையும் தனியாளாகச் செய்கிறவருக்கு நான் போஷைத்தான் சொல்வேன்.

டெக்கில் கதை மாறுகிறது. கிடைமட்டப் பரப்பில் மெஷினை யாரும் தூக்கிப் பிடிப்பதில்லை, அதன் எடையே பேடை அழுத்துகிறது. அங்கே மகிட்டாவின் கனம் உதவிதான். அதோடு அந்த 600. கேட்பதற்கு 750-க்கும் 600-க்கும் பெரிய தூரம் இல்லை. அறுக்கும் பசையான காம்பவுண்டை முதலில் பரப்பும்போது அந்தத் தூரம் சட்டையில் தெரியும். 600-இல் காம்பவுண்ட் பரப்பில் படிகிறது. வேகம் கூடக் கூட அது பேடின் விளிம்பிலிருந்து தெறித்து, ஷெட் சுவர், கண்ணாடி, நண்பரின் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றிலும் புள்ளி வைக்கிறது. போஷிலும் சமாளிக்கலாம், பேடைப் பரப்பில் வைத்த பிறகே விசையை அழுத்தினால். ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் கம்பெனியின் பிஇ 14-2 150 என்ற மெஷின் 380 சுற்றுவரை இறங்கும், மேலே 2100-உடன் நின்றுவிடும். ஜெல் கோட்டுக்கு 2100-க்கு மேல் வேலையே இல்லை என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் அது எளிதாகக் கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது மெஷினின் பெட்டியில் அச்சிட்டிருந்த வாட் மற்ற இரண்டையும் தாண்டியது. வேகச் சக்கரமும் இருந்தது. இல்லாதது, பாரத்துக்கு ஏற்ப வேகத்தைக் காக்கும் கட்டுப்பாடு. வுல் பேடை அழுத்தியதும் சுற்று தொய்ந்துவிடுகிறது. சரி என்று சக்கரத்தைக் கூட்டினால், பேடைக் கொஞ்சம் தூக்கியதுமே கட்டவிழ்ந்த மாதிரி பாய்கிறது, காம்பவுண்டை விசிறுகிறது. ஒரே சீரான அறுப்பு கிடைக்காததால் பரப்பு திட்டுத் திட்டாக வருகிறது. இரண்டு கைப்பிடி வழியாகவும் அதிர்வு முழங்கைவரை ஏறியது. ஒரு சின்ன மீன்தொட்டி மூடியோ, படகின் கதவோ பாலீஷ் போட அது போதும். இருபத்து நாலு அடிக்குப் போதாது.

இதற்கும் கீழே ஒரு படி உண்டு. சொல்லாமல் விட முடியாது. பட்டறைகளில் ஆங்கிள் கிரைண்டரின் தலையில் வுல் பேடை மாட்டித் தேய்க்கிறார்கள். நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று போகும். ஏழு அங்குல பேடை அதில் மாட்டினால் விளிம்பு நொடிக்கு நூறு மீட்டருக்கும் மேல் பறக்கும். அந்த வேகத்துக்கு எந்த வுல் பேடும் தைக்கப்படவில்லை. ஜெல் கோட் கருகுவது சின்ன விஷயம். பேட் பிய்ந்து முகத்துக்கு வருவதுதான் பெரிய விஷயம். "நாங்க இருபது வருஷமா இப்படித்தான் அண்ணே பண்றோம்" என்று ஒரு ஃபைபர் பட்டறைத் தம்பி சொன்னார். அவர் கை லேசு, பேடைத் தொட்டும் தொடாமலும் ஓட்டுகிறார். அந்தக் கையை யாருக்கும் கடன் கொடுக்க முடியாதே.

வேகத்தைச் சுற்றில் மட்டும் பார்க்கக் கூடாது, பேடின் அகலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 200 மில்லிமீட்டர் பேட் 1500 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 16 மீட்டர் போகிறது. அதே 1500-இல் 150 மில்லிமீட்டர் பேட் 12 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. 75 மில்லிமீட்டர் குட்டி பேட் 6 மீட்டர்தான். பெரிய பேடுக்கு 1200-இல் வரும் சூடு, சின்ன பேடுக்கு 2000-இலும் வராது. ஆகவே "எந்த எண்ணில் வைக்கணும்?" என்ற கேள்விக்கு, "என்ன பேட் போட்டிருக்கீங்க?" என்பதுதான் பதில். பெரிய வுல் பேடோடு 1000 முதல் 1500-க்குள் எங்கள் வேலை முழுவதும் முடிந்தது. மெஷினின் மேல்பாதி வேகத்தை நாங்கள் தொடவே இல்லை.

இப்போது பேட். மெஷினைத் தேர்வதற்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. போஷையும் மகிட்டாவையும் மாற்றி மாற்றி ஓட்டியபோது பரப்பில் தெரிந்த வித்தியாசம், ஒரே மெஷினில் பேடை மாற்றியபோது தெரிந்ததில் சிறு துளிதான்.

முறுக்கிய நூலில் செய்த வுல் பேட்தான் முதல் ஆயுதம். நூல் முறுக்காக இருப்பதால் ஒவ்வொரு இழையும் நிமிர்ந்து நின்று அறுக்கிறது. இழைகளுக்கு நடுவே காற்று ஓடுவதால் பரப்பு ஃபோமைப் போலச் சீக்கிரம் சூடாவதில்லை. மாவு பூத்த கருநீலத்தில் இரண்டடிக்கு இரண்டடிச் சதுரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாகச் சில முறை ஓட்டியதுமே ஆழ்ந்த நீலம் எழுந்து வந்தது. அதே சதுரத்துக்குப் பக்கத்தில் கடினமான அறுக்கும் ஃபோமை வைத்துப் பார்த்தோம். நிறம் வந்தது, ஆனால் தாமதமாக. அதற்குள் பரப்பில் கை வைக்க முடியாத சூடு, காம்பவுண்ட் காய்ந்து கட்டியாக ஒட்டல். ஃபோமால் முடியாது என்றில்லை. சென்னை வெயிலில் அதற்குக் காவலுக்கு ஒருவர் நிற்க வேண்டும்.

முறுக்கு வுல் விட்டுப்போகும் கோடுகளை முறுக்கில்லாத மென்மையான வுல் எடுக்கிறது. இதை நிறையப் பேர் தாண்டி நேராக ஃபோமுக்குப் போய்விடுகிறார்கள். வெள்ளை டெக்கில் தாண்டலாம், யாருக்கும் தெரியாது. கருநீலத்தில் இந்தப் படியைச் செய்த பாதியும் செய்யாத பாதியும் மாலை வெயிலில் தனித்தனியாகத் தெரிந்தன. கடைசியில் மென்மையான முடிப்பு ஃபோம், குறைந்த வேகத்தில். ஃபோம் வாங்கும்போது நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொரு கம்பெனியின் மஞ்சள்; எல்லோருக்கும் பொதுவான நிறக் கணக்கு எதுவும் கிடையாது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து, விரலால் அழுத்திப் பார்த்து வாங்குவதே வழி.

இரண்டு பக்கமும் வுல் உள்ள பேட் ஒரு நல்ல முதலீடு. நடுவில் ஓர் இணைப்பான் மூலம் மெஷினில் ஏறும், ஒரு பக்கம் அடைத்துக்கொண்டால் திருப்பிப் போடலாம். அதன் விளிம்பில் பிளாஸ்டிக் தட்டு எட்டிப் பார்க்காது என்பதால், டெக்கில் இருக்கும் எஃகுப் பொருத்துகள் பக்கம் போனாலும் கீறல் பயம் குறைவு. வெல்க்ரோ ரகம் என்றால் பின்தட்டின் விளிம்பு வளைந்து கொடுக்கிறதா என்று பாருங்கள். விறைப்பான தட்டு படகின் வளைவில் ஒரு கோட்டில் மட்டும் அழுத்தும், அங்கேதான் எரியும். சுருக்குக் கயிறு கட்டி மாட்டும் வுல் உறையை மெஷினோடு இலவசமாகத் தருவார்கள். காரின் கண்ணாடி துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

மரை விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். நம் கடைகளில் விற்கும் மெஷின்களின் தலை எம்14. அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் பேடும் இணைப்பானும் பெரும்பாலும் ஐந்தெட்டு அங்குல மரை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், முதல் சுற்றுவரை ஏறவும் ஏறும். அதற்கு மேல் பலவந்தப்படுத்தினால் மெஷினின் தலை போச்சு.

பேடைச் சுத்தம் செய்யாமல் ஓட்டுகிறவர்தான் அதிகம். வுல் இழைகளில் பழைய காம்பவுண்டும் அறுத்த ஜெல் கோட்டும் சேர்ந்து காய்ந்து, பேட் பலகையாகிவிடும். அப்புறம் அது அறுக்காது, தேய்த்துச் சூடாக்கும். பல்சக்கரம் வைத்த ஸ்பர் என்ற கைக்கருவி இதற்கென்றே கிடைக்கிறது. ஓடும் வுல் பேடில் மெல்ல வைத்தால் கட்டியெல்லாம் புகையாகப் பறக்கும். ஸ்க்ரூடிரைவரால் கிளறுகிறார்கள். அது பேடையும் கிழிக்கும், சிக்கினால் கையையும் இழுக்கும். வேலை முடிந்ததும் அழுத்தக் காற்றால் மெஷினின் காற்றுத் துளைகளையும் ஊதிவிட வேண்டும், ஏனென்றால் உதிரும் வுல் பஞ்சு எல்லாம் மோட்டாருக்குள்தான் போகிறது. டிவால்ட் தன் டிடபிள்யூபி849எக்ஸ் மெஷினில் இதற்காகவே பஞ்சு தடுப்பு மூடி வைத்திருக்கிறது. மற்றவர்களும் வைக்கலாம்.

காம்பவுண்டைப் பற்றிச் சுருக்கமாக. ஜெல் கோட்டுக்கென்று தனியாக வருவதை வாங்குங்கள். 3எம் கம்பெனியின் பெர்ஃபெக்ட்-இட் வரிசையில் உண்டு, வேறு கம்பெனிகளிலும் உண்டு. காருக்கான மெல்லிய காம்பவுண்ட் இங்கே அறுக்காது. நிறையப் பூசினால் நிறைய அறுக்கும் என்பதும் இல்லை, பேட் வழுக்கிக்கொண்டு ஓடும். உலரத் தொடங்கினால் தெளிப்பானில் ஒரு பீச்சுத் தண்ணீர் போதும். சதுரம் முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய், கோடுகளை நிரப்பிப் பொய்யான மினுமினுப்பைக் காட்டும். ஆல்கஹால் அந்த வேடத்தைக் கலைத்துவிடும். துடைத்த பிறகும் கோடு இல்லை என்றால்தான் அடுத்த பேட். காம்பவுண்டுக்கே மசியாத திட்டுகள் இருந்தால் முதலில் 800, பிறகு 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துவிட்டு மெஷினுக்கு வர வேண்டும். முறுக்கு வுல் 1000 நம்பர் கோட்டைச் சுலபமாக எடுத்துவிடும்.

பேடைப் பரப்பில் படுக்க வைத்து ஓட்டுவதே பழக்கமாக வேண்டும். ஓரங்களில் பேட் விளிம்பை விட்டு வெளியே ஓடும் திசையில் பிடிக்க வேண்டும். விளிம்புக்குள் ஏறும் திசையில் பிடித்தால் மெஷின் உதைக்கும், தோலும் போகும். எழுத்து ஸ்டிக்கர், ரப்பர்ப் பட்டை, விளிம்பு எல்லாவற்றிலும் முதலில் டேப் ஒட்டிவிடுங்கள். ஒயரைத் தோளுக்கு மேலாகப் போட்டுக்கொள்ளுங்கள். லுங்கி, கழுத்துத் துண்டு, துப்பட்டா எதுவும் கூடாது. மூன்று கிலோ மெஷின் துணியைச் சுருட்டத் தொடங்கினால் விசையைத் தேடுவதற்குள் மேலே ஏறிவிடும். தண்ணீர் புழங்கும் இடம் என்பதால் இ.எல்.சி.பி. இல்லாத பிளக்கில் மாட்டவே வேண்டாம்.

ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. இதெல்லாம் பாய்மரப் படகு, வேகப் படகு, சுற்றுலாப் படகு வைத்திருப்பவர்களுக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் பெருகிய மீன்பிடி ஃபைபர் படகுகளுக்கு இந்தச் செலவு வேண்டாத வேலை. தினமும் மணலில் இழுபட்டு, வலை உரசி, பக்கத்துப் படகில் மோதும் தோலில் கண்ணாடி மினுமினுப்பு ஒரு வாரம் நிற்காது. அவர்கள் பெயின்ட் அடிப்பதே சரி. ஆனால் அந்தப் படகுகளை வார்க்கும் பட்டறைக்கு இந்த மெஷின் தேவை, அச்சுக்காக. அச்சில் எவ்வளவு மினுமினுப்போ அவ்வளவுதான் படகில் வரும். கோடு விழுந்த அச்சு அதே கோட்டை ஒவ்வொரு படகிலும் அச்சடிக்கும்.

முடித்த பரப்பை அப்படியே விட்டால் வெயில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மெழுகு ஏற்ற ரோட்டரியை எடுக்க வேண்டாம், சூட்டில் மெழுகு இளகி வழிந்துவிடும். கையாலோ, டூயல் ஆக்‌ஷனாலோ மெல்லிசாக இரண்டு பூச்சு, நடுவே காய இடைவெளி விட்டு. கெட்டி மெழுகு திரவ மெழுகைவிடக் கொஞ்சம் அதிக நாள் தாங்குகிறது, தேய்க்கத் தோள் வலிக்கும். படகு கூரைக்குக் கீழே நின்றால் வருடத்துக்கு ஒரு முறை, திறந்த வெளியில் நின்றால் கோடைக்கு முன் ஒன்று, மழை முடிந்து ஒன்று. இதைத் தவறாமல் செய்கிற படகுக்கு முறுக்கு வுல் பேடைப் பல வருடங்களுக்கு வெளியே எடுக்க வேண்டியிருக்காது.